அந்தப் பாலம் யாருடையது?

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில இருக்கிற ஒன்பது வளைவுப் பாலத்தோட போட்டோவை நீங்க கட்டாயம் பாத்திருப்பீங்க. சுத்தி பச்சை மலை, நடுவுல சாம்பல் நிற வளைவுகள், மேல ஒரு நீலக் கலர் கோச்சி, கதவுல தொங்கிக்கிட்டு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. இலங்கையைப் பற்றி யார் விளம்பரம் போட்டாலும் அந்தப் படம் இல்லாம முடியாது. எங்க பெட்ச்லயும் பாதிப் பேர் அங்க போய் நின்னு படம் எடுத்திருக்காங்க.

நான் எழுத வந்தது வேற ஒரு பாலத்தைப் பற்றி. அதுக்குப் பேர் கிடையாது. கண்டியிலிருந்து கலஹா பக்கம் போனா எங்க தோட்டம். லயத்துக்குக் கீழ ஒரு ஆறு. அதுக்கு மேல ஒரே ஒரு வளைவோட ஒரு கொங்கிறீட் பாலம். யாரும் அங்க நின்னு போட்டோ எடுத்ததில்லை. யார் கட்டினது, எப்ப கட்டினதுன்னு கேட்டா அப்பாயி சொல்றது ஒரே பதில்தான்: "அது தொரை காலத்துப் பாலம்."

ஆனா எங்க பாலத்துக்கு என்ன நோய்னு விளங்கணும்னா, அந்தப் பெரிய பாலத்துலிருந்துதான் தொடங்கணும்.

கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அதுக்குப் பிறகு பாதை முதல்ல கோப்பியையும் பிறகு தேயிலையையும் தேடிக்கொண்டு மெல்ல மெல்ல மலை ஏறியது. 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை. பண்டாரவளையிலிருந்து பதுளை எட்டிப் பார்க்கிற தூரம்தான். ஆனாலும் கோச்சி பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. அந்த முப்பது வருஷத் துண்டிலதான் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கு. 1921இல் கட்டி முடிச்சிருக்காங்க. நீளம் சுமார் 300 அடி, உயரம் 80 அடி.

அந்தப் பாலத்தைப் பற்றி ஊருக்குள்ள ரெண்டு கதை உலவுது. ஒன்று, முதலாம் உலக யுத்தம் நடந்ததால பாலத்துக்கு வரவேண்டிய இரும்பு வரல, அதனால கல்லையும் செங்கலையும் சீமெந்தையும் வச்சே கட்டி முடிச்சாங்க என்பது. இன்னொன்று அப்புஹாமி கதை. கப்பட்டிபொல பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருத்தர், வெள்ளைக்கார இஞ்சினியருக்குப் பழக்கமாகி, குறைஞ்ச செலவுல நானே கட்டித் தாறேன்னு பொறுப்பெடுத்தாராம். பாலத்துல நம்பிக்கை இல்லாதவங்களுக்கு, "முதல் ரயில் போகும்போது நான் அடியில படுத்துக்கிடக்கிறேன்" என்று சொன்னாராம்.

கதை நல்லா இருக்கு. ஆனா 1923இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கம் இந்தப் பாலத்தைப் பற்றி வரைபடங்களோட ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கு. தலைப்பே "இலங்கையில் ஒரு கொங்கிறீட் ரயில் பாலத்தின் நிர்மாணம்" என்கிற மாதிரித்தான் வருது. வடிவமைச்சவர் ரயில்வே நிர்மாணப் பகுதியில இருந்த ஹரல்ட் கத்பர்ட் மார்வூட். அதாவது அது இரும்பு கிடைக்காம அவசரத்துல சமாளிச்ச வேலை மாதிரித் தெரியல. கணக்குப் போட்டு, வரைஞ்சு, அளந்து எழுப்பின கொங்கிறீட் வளைவுப் பாலம்.

அறிக்கை இருந்தும் ஏன் அப்புஹாமி கதைதான் நிக்குது? நான் நினைக்கிறது இதுதான். வரைஞ்சவருக்குப் பேர் இருக்கு, அறிக்கைக்குத் தலைப்பு இருக்கு. கல் சுமந்தவங்களுக்கும் சாரம் கட்டினவங்களுக்கும் ஒண்ணும் இல்லை. அந்தக் கைகளுக்கு ஒரு பேராவது வேணும்னு சனங்க ஆசைப்படுறாங்க. எங்க பாலத்துக்கு அப்படி ஒரு கதைகூட இல்லை. மலையகத்துல ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் மண் வெட்டினதுல எங்க முன்னோர் இருந்தாங்க என்பது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா எங்க ஆத்துக்கு மேல அந்த வளைவை எழுப்பினது எந்த லயத்து ஆட்கள்னு கேட்டா, தோட்டத்துல ஒருத்தருக்கும் தெரியாது.

சரி, நோய்க்கு வாறேன்.

போன வருஷம் எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு என் சிநேகிதி ஒருத்தி வந்திருந்தாள். யாழ்ப்பாணம். பேராதனையில பொறியியல் பீடம். நான் கலைப்பீடம். அவங்க பீடம் மகாவலிக்கு அந்தப் பக்கம், எங்களுது இந்தப் பக்கம். கரகம் பாலிக்க எல்லாரும் ஆத்துக்குப் போனப்போ இவளை மட்டும் காணல. தேடிப் பார்த்தா பாலத்துக்குக் கீழ நிக்கிறாள். பாவாடையை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, மறு கையில ஒரு கல்லை வச்சுப் பாலத்தோட அடிப்பக்கத்தைத் தட்டிக்கிட்டு இருக்கிறாள்.

"இஞ்ச வா. இதில தட்டிப் பார். இப்ப இதில தட்டு. சத்தம் ரெண்டும் ஒண்டே?"

ஒண்ணு இல்லை. ஓர் இடத்துல டக் டக்னு கட்டியா கேட்டது. அடுத்த இடத்துல வெத்துப் பானையைத் தட்டின மாதிரி இருந்தது.

"உள்ளுக்க கழண்டு போய்க் கிடக்கு. வெளியில பாக்க நல்ல பிள்ளை மாதிரி நிக்கும், ஆனா கொங்கிறீட்டும் கம்பியும் எப்பவோ பிரிஞ்சிட்டுது" என்றாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா கொங்கிறீட் செதில் செதிலா உதிர்ந்து, உள்ளே கம்பி செம்பழுப்பா வெளியில தெரிஞ்சது. சின்ன வயசுல நாங்க அந்தக் கம்பியைப் பிடிச்சுத் தொங்கி விளையாடியிருக்கோம்.

அன்னைக்கு ராத்திரி லயத்து வாசல்ல உக்காந்து அவள் எனக்கு வளைவுப் பாலம் சொல்லித் தந்தாள். என்னையும் என் தங்கச்சியையும் எதிரெதிரா நிக்க வச்சு, உள்ளங்கையோட உள்ளங்கை ஒட்டி ஒருத்தர் மேல ஒருத்தர் சாயச் சொன்னாள். கால் வழுக்காத வரைக்கும் ரெண்டு பேரும் விழ மாட்டோம். மேலயிருந்து எங்க கையை அமத்தினா, இன்னும் இறுக்கமா நிக்கிறோம். வளைவு அவ்வளவுதான். மேல வர்ற பாரத்தை அது அழுத்தமா மாத்தி ரெண்டு கரைக்கும் கொண்டுபோய் விட்டுடுது. கொங்கிறீட் அழுத்தத்தை நல்லாத் தாங்கும். இழுத்தால்தான் பிளந்துபோகும். அதனாலதான் வளைவாக் கட்டினா கம்பி இல்லாமலே நிக்க வைக்கலாம். ரோம் நகரத்து பாந்தியன் கோயிலோட குவிமாடம் கம்பி இல்லாத கொங்கிறீட்தான், கிட்டத்தட்ட 1900 வருஷமா நிக்குது.

ஒன்பது வளைவுப் பாலத்துல இரும்பு இல்லை என்பதைப் பெரிய குறை மாதிரியும், அந்தக் குறையை மீறின சாதனை மாதிரியும் நாங்க சொல்லிக்கிட்டு இருக்கோம். அவள் அதைத் திருப்பிப் போட்டாள். "இரும்பு இல்லாததுதான் அதுக்கு ஆயுசு. துருப்பிடிக்க உள்ளுக்க ஒண்டும் இல்லையே."

எங்க பாலத்துல கம்பி இருக்கு. புதுக் கொங்கிறீட் காரத்தன்மை கூடினது. பிஎச் கணக்குல 12, 13 வரைக்கும் இருக்கும். அந்தக் காரம் கம்பியைச் சுத்தி ஒரு மெல்லிய காப்பு மாதிரி நின்னு துருப்பிடிக்க விடாது. ஆனா காத்துல இருக்கிற கரியமில வாயு வருஷக்கணக்கா மெதுமெதுவா உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைச்சுக்கிட்டே வரும். 9க்குக் கீழ போனதும் காப்பு போயிடும். பிறகு மழைத்தண்ணி போதும். துருப்பிடிச்ச இரும்பு தன்னோட பழைய அளவைவிடப் பல மடங்கு ஊதும். அந்த ஊதல்தான் கொங்கிறீட்டை உள்ளேயிருந்து உடைக்கிறது. வெடிப்பு வந்ததும் இன்னும் தண்ணி இறங்கும், இன்னும் துரு, இன்னும் வெடிப்பு.

இத்தாலியில ஜெனோவா நகரத்து மொராண்டிப் பாலத்துக்கும் நடந்தது ஏறக்குறைய இதுதான். 1967இல் திறந்த பாலம். பாரத்தைத் தாங்கின இரும்புக் கம்பிகளைக் கொங்கிறீட்டுக்குள்ள மூடி வச்சிருந்தாங்க. உள்ளே துரு தின்றது வெளியில தெரியல. 2018 ஆகஸ்ட் 14ஆம் திகதி இடிஞ்சு விழுந்தது, 43 பேர் செத்துப்போனாங்க. கட்டி 51 வருஷம். ஒன்பது வளைவுப் பாலத்துக்கு அப்போ 97 வயசு.

அதுக்காகக் கம்பி இல்லாத பாலத்துக்குச் சாவே இல்லைன்னு நினைச்சிடக் கூடாது. வளைவு நிக்கிறது கரைகளை நம்பி. தங்கச்சியும் நானும் சாஞ்சு நின்னப்போ, அவளோட செருப்பு வழுக்கினதும் ரெண்டு பேரும் விழுந்தோம். ஆறு அடியில மண்ணை அரிச்சாலோ மலைச்சரிவு நகர்ந்தாலோ வளைவுக்கும் அதே கதிதான்.

பெரிய பேர் எடுத்தாலும் பாலம் தப்பாது என்பதுக்குச் சாட்சி பேராதனையிலேயே இருக்கு. இப்ப நாங்க பஸ்ஸுல மகாவலியைக் கடக்கிற இடத்துல, 1830களின் தொடக்கத்துல முழுக்க முழுக்க மரத்தால ஒரு வளைவுப் பாலம் கட்டினாங்க. முதிரை மரம். ஒரே வளைவு, 205 அடி. ஆணியே இல்லாமப் பொருத்தினதுன்னு சொல்லுவாங்க. வடிவமைச்சவர் ஜோன் ஃபிரேசர் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரோட்டுப் போட்ட அந்தக் காலத்துல, வெளிநாட்டுலிருந்து வந்தவங்க எல்லாம் அந்தப் பாலத்தை மெச்சி எழுதியிருக்காங்க. 1905இல் அதைக் கழட்டிட்டாங்க. எழுபது வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. இன்னைக்கு கெம்பஸ் வர்ற பிள்ளைகள்ல அப்படி ஒண்ணு இருந்ததுன்னு தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருப்பாங்க?

ஆனா ஒரு விஷயம் கவனிங்க. முதிரைப் பாலம் போனதும் அந்த இடத்துல வேற பாலம் வந்தது. ஏன்னா அது கண்டி ரோட்டு. அது யாருடைய பொறுப்பு என்கிற கேள்வியே வரல. எங்க பாலத்துக்கு முதல் கேள்வியே அதுதான்.

எங்க தோட்டம் முதல்ல ஒரு வெள்ளைக்காரக் கம்பனிகிட்ட இருந்தது. பாலம் கட்டினதும் அவங்கதான். கொழுந்து ஃபெக்டரிக்குப் போகணுமே. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தோட தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயிட்டுது. 1992இல் நிர்வாகத்தைத் திரும்பக் கம்பனிகளுக்குக் குடுத்தாங்க. காணி அரசாங்கத்துடையது, தேயிலை கம்பனியுடையது, லயத்துல இருக்கிறது நாங்க. பாலம்?

ஊர்ல ஒரு பாலம் உடைஞ்சா கிராமத்துச் சனங்க பிரதேச சபைக்குப் போவாங்க. எங்களுக்கு அந்தக் கதவும் ரொம்பக் காலமா மூடித்தான் இருந்தது. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்துல 33ஆம் பிரிவுன்னு ஒண்ணு. தோட்டத்துக்குள்ள பிரதேச சபை தன் காசைச் செலவழிக்க அதுதான் தடையா நின்னது. ஓட்டுப் போட நாங்க வேணும், ரோட்டுப் போட எங்க இடம் சபைக்குள்ள வராது. அந்தச் சட்டத்தைத் திருத்தினது 2018இல். முப்பது வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. இந்த நாட்டுல மலையகத் தமிழருக்குப் பிரஜாவுரிமை இல்லாமப் போனதைப் பற்றி நாங்க நிறையப் படிச்சிருக்கோம். பிரஜாவுரிமை வந்த பிறகும் ஒரு மதகைக் கட்டச் சொல்லி யார்கிட்ட கேக்கிறதுன்னு தெரியாம இருந்ததைப் பற்றி அவ்வளவாப் படிச்சதில்லை.

அப்பாவும் இன்னும் நாலு பேரும் பாலத்துக்காக அலைஞ்சது எனக்கு நினைவு தெரிஞ்ச நாளிலிருந்து நடக்குது. ஓர் இடத்துல, "இது பொதுப் பாதை, சனங்க பாவிக்கிறது, நாங்க செய்ய ஏலாது" என்பாங்க. இன்னோர் இடத்துல, "இது தோட்டத்துச் சொத்து, நாங்க கைவைக்க ஏலாது" என்பாங்க. ரெண்டு பதிலும் மரியாதையாத்தான் வரும். ஒரு தடவை அளவெடுக்க ரெண்டு பேர் வந்தாங்க. அவங்களுக்கு அம்மா தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க. பிறகு ஒரு செய்தியும் இல்லை.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்போ கம்பளையிலயும் பேராதனையிலயும் மகாவலி கரையை மீறினதை நீங்க நியூஸ்ல பாத்திருப்பீங்க. நாடு முழுக்க 600 பேருக்கு மேல இறந்துபோனாங்க, கண்டி மாவட்டத்துல மட்டும் ஏராளம். மலைநாட்டு ரயில் பாதை பல இடத்துல மண்சரிவுல அறுந்துபோனது. கோச்சிக் கதவுல தொங்கிப் படம் எடுக்கிற கூட்டத்தை நம்பியிருந்தவங்களோட, அந்தக் கோச்சியிலேயே ஆஸ்பத்திரிக்கும் கெம்பஸுக்கும் போய் வந்த சனங்களும் நடுவழியில நின்னாங்க.

எங்க ஆறும் அந்த ரெண்டு நாள் பாலத்துக்கு மேலால ஓடினது. தண்ணி வடிஞ்ச பிறகு பார்த்தா பாலம் நிக்குது. ஒரு பக்கத்துக் கைப்பிடிச் சுவர் இல்லை. அந்தப் பக்கத்து அடிவாரத்துல, கல்லுக் கட்டுக்குக் கீழ ஒரு ஆள் குனிஞ்சு நுழையிற அளவுக்கு மண் போயிருக்கு. தங்கச்சியோட செருப்பு வழுக்கின மாதிரித்தான்.

அதுக்குப் பிறகு கொழுந்து லொறி பாலத்துல ஏறுறதில்லை. டிரைவரைக் குறை சொல்ல முடியாது. லொறி அந்தப் பக்கத்துல நிக்கும். பொம்பளைங்க மலையிலிருந்து இறங்கி, கொழுந்துச் சாக்கைத் தலையில வச்சுப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுக்கிறாங்க. இந்தக் கூடுதல் நடைக்குக் காசு கிடையாது, பேரும் கிடையாது. மழை நாள்ல சாக்கு ஈரமாகிப் பாரம் கூடும், நிறுக்கும்போது ஈரத்துக்குக் கழிப்பாங்க. அம்மா வீட்டுக்கு வந்து கழுத்துக்கு எண்ணெய் தேய்க்கிறதை லீவுக்குப் போறப்பல்லாம் பாக்கிறேன்.

தை மாசம் ஒரு ராத்திரி சித்திக்கு இடுப்பு வலி எடுத்தது. த்ரீவீல்காரர் பாலம் வரைக்கும்தான் வந்தார். சித்தியைக் கதிரையில உக்கார வச்சு நாலு பேர் தூக்கிக்கொண்டு போனாங்க, முன்னால அப்பா டோர்ச் அடிச்சுக்கிட்டு. பிள்ளை கண்டியிலதான் பொறந்தது. ரெண்டு பேரும் சுகம். "பாலத்துலயே பொறந்திருந்தா பாலன்னு பேர் வச்சிருப்போம்"னு அப்பாயி இப்ப சிரிக்கிறாங்க. அன்னைக்கு ராத்திரி அவங்க சிரிக்கல.

இதைத் திருத்த என்ன தேவைன்னு சிநேகிதிகிட்ட கேட்டேன். புதுப் பாலம்னு சொல்லுவாள்னுதான் நினைச்சேன். அவள் சொன்னது வேற. ஒழுங்கான ஒரு இஞ்சினியர் வந்து பாத்துத்தான் முடிவு எடுக்கணும், ஆனா வழக்கமாச் செய்யிறது இதுதான்: முதல்ல அரிச்சுப்போன அடிவாரத்தைக் கல்லும் கொங்கிறீட்டும் வச்சு நிரப்பணும். கழண்ட கொங்கிறீட்டை எல்லாம் தட்டி எடுத்து, கம்பியில இருக்கிற துருவைச் சுரண்டி, துரு பிடிக்காத பூச்சு அடிச்சு, புதுச் சாந்தால மூடணும். மேல தண்ணி தேங்காம வழிஞ்சு போக ஓட்டைகளைத் துப்புரவாக்கணும். இடுக்குல முளைக்கிற அரசங்கன்றைப் பிடுங்கணும், அது வேரை விட்டுக் கல்லைப் பிளந்திடும். "முப்பது வருசத்துக்கு முன்னமே உந்த ஓட்டையளையாவது யாரும் துப்புரவாக்கியிருந்தா இவ்வளவு வந்திராது" என்றாள்.

எனக்கு உறைச்சது அந்த ஒரு வசனம்தான். பாலம் கட்டினா கல்லுல பேர் வெட்டலாம், ரிப்பன் வெட்டலாம். ஓட்டையில அடைச்ச சருகை எடுத்தா யார் பேரை எங்க வெட்டுறது? ஒன்பது வளைவுப் பாலத்துக்கு மேல இத்தனை வருஷமும் கோச்சி ஓடினதுன்னா, தண்டவாளத்தோரமா நடந்து நடந்து பாத்து, ஆணி இறுக்கி, புல் வெட்டி, கான் துப்புரவாக்கின ஆட்கள் ஒவ்வொரு தலைமுறையிலயும் இருந்திருக்காங்க. அவங்க எந்தப் போட்டோவிலயும் இல்லை. அப்புஹாமி மாதிரி ஒரு கதையிலகூட இல்லை.

பங்குனி மாசத்து ஒரு ஞாயித்துக்கிழமை தோட்டத்து இளைஞர்கள் இருபது பேர் போலச் சேர்ந்து சிரமதானம் செஞ்சோம். ஓட்டைகளைக் கம்பி விட்டுக் குத்தித் திறந்தோம். உள்ளேயிருந்து சருகும் சேறும் ஒரு பொம்மைக் காலும் வந்தது. அரசங்கன்று மூணு பிடுங்கினோம். இல்லாமப் போன கைப்பிடிச் சுவருக்குப் பதிலா மூங்கில் கட்டினோம். லொறி ஏறாம இருக்க ரெண்டு பீப்பாயில மண் நிரப்பி வச்சோம். அதுக்கு மேல எங்களால ஏலாது. அடிவாரத்தை நிரப்புறது மூங்கில் வேலை இல்லை.

அதனால கடிதமும் எழுதினோம். இந்த முறை "தயவுசெய்து" என்று மட்டும் எழுதல. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இது சபையோட எல்லைக்குள்ள வர்ற வேலைன்னு எழுதினோம். எந்த இடத்துல தட்டினா வெத்துச் சத்தம் கேக்குதுன்னு சோக்கட்டியால வட்டம் போட்டுப் படம் எடுத்து வச்சோம். எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைகள், ஒரு நாளைக்கு எத்தனை சாக்குக் கொழுந்து அந்தப் பாலத்தைத் தாண்டுதுன்னு தங்கச்சி ஒரு கொப்பியில ரெண்டு கிழமை எண்ணி வச்சிருந்தாள், அதையும் சேர்த்தோம். தமிழ்லயும் சிங்களத்துலயும். கிடைச்சதுன்னு கையெழுத்து வாங்கின பிரதியை அப்பா சாமிப் படத்துக்குப் பின்னால வச்சிருக்கார்.

பதில் இன்னும் வரல. வந்தா இங்கேயே எழுதுறேன்.

அதுவரைக்கும் உங்ககிட்ட ஒரு வேலை கேக்கிறேன். உங்க ஊர்லயும் ஒரு பாலம் இருக்கும், ஒரு மதகாவது இருக்கும். அடுத்த லீவுக்குப் போறப்போ மழை இல்லாத நாளாப் பாத்து, துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு அதுக்குக் கீழ இறங்கிப் பாருங்க. கம்பி வெளியில தெரியுதா, தண்ணி போற ஓட்டை திறந்திருக்கா, அடிவாரத்துல மண் இருக்கா? ஒரு கல்லை எடுத்துத் தட்டிப் பாருங்க. சத்தம் மாறினா அந்த இடத்துல ஒரு வட்டம் போட்டு, திகதியையும் எழுதி வையுங்க. பிறகு அது யாருடைய பாலம்னு கேளுங்க. பதில் சொல்ல ஆள் கிடைக்கிற வரைக்கும் கேளுங்க.